மனத்திற்கு ஓர் ஆற்றுப்படை

நுழையும்முன்

காலில் முள் தைத்தால் உடனே அதனைக் களைய முற்படும் மனிதர், மனத்தில் தைத்த முள்ளை மட்டும் மறைத்துக்கொண்டு நடக்கின்றனர். 'இதையெல்லாம் வெளியில் சொல்லலாமா?' என்னும் தயக்கமே பல துயரங்களை நோயாக முற்றச் செய்கிறது. சொல்ல ஒருவரும் செவிமடுக்க ஒருவரும் இருந்தால், அவ்வுரையாடலே மருந்தாவதும் உண்டு. அம்மருந்தின் வரலாற்றையும் அது செயற்படும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

சொல்லும் பொருளும்

உளநல வல்லுநரின் பணியைக் குறிக்க இன்றைய தமிழில் வழங்கும் சொற்களுள் ஒன்று 'ஆற்றுப்படுத்துதல்' என்பது. அப்பணியைச் செய்பவர் ஆற்றுப்படுத்துநர். ஆறு என்பதற்கு வழி என்றும், படுத்துதல் என்பதற்குச் செலுத்துதல் என்றும் பொருள். வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையால் வாடி எதிர்வரும் மற்றொரு கலைஞனுக்கு அவ்வள்ளலிடம் செல்லும் வழியைக் கூறுவது ஆற்றுப்படை இலக்கியம். பத்துப்பாட்டில் சரிபாதி நூல்கள் இவ்வகையைச் சேர்ந்தவை.

ஆற்றுப்படை நூல்களில் வழிகூறுபவன் எதிர்வந்தவனைத் தோளில் சுமந்து செல்வதில்லை. அவன்பொருட்டுத் தானே சென்று பரிசில் பெற்றுத் தருவதுமில்லை. அவனது வறுமையை இகழ்வதுமில்லை. வழியின் இயல்பை எடுத்துரைக்கிறான். இடர்களை முன்கூட்டியே உணர்த்துகிறான். மலைபடுகடாம் என்னும் கூத்தராற்றுப்படை, மலைவழியில் எதிர்ப்படும் வழுக்குநிலங்களையும் பாம்புகளையும் பற்றி எச்சரிக்கிறது. வழி காட்டப்பட்டபின் நடக்க வேண்டியவன் பயணியே. உளநல ஆலோசனையின் இயல்பும் இதுவே. துயருற்றவரின் வாழ்வை ஆற்றுப்படுத்துநர் வாழ்ந்து தருவதில்லை. அவர் தம் வழியைத் தாமே கண்டு நடக்கத் துணைநிற்கிறார். 'ஆற்றுதல்' என்னும் சொல்லுக்குத் தணித்தல் என்ற பொருளும் உண்டு என்பதை எண்ணினால் இப்பெயரின் பொருத்தம் மேலும் விளங்கும்.

துயரும் நோயும்

நோயின்மை மட்டுமே நலம் ஆகாது. உடல், உள்ளம், சமூக வாழ்வு ஆகிய மூன்றும் முழுமையாகச் செம்மையுற்ற நிலையே நலம் என உலக நலவாழ்வு அமைப்பின் 1948ஆம் ஆண்டு சாசனம் வரையறுத்தது. அன்றாட நெருக்கடிகளை எதிர்கொள்ளவும், கற்கவும், உழைக்கவும், பிறரோடு இணங்கி வாழவும் இயலும் நிலையே உளநலம். எப்போதும் மகிழ்ச்சியாக இருத்தல் என்பது அதன் பொருளன்று.

அழுகை, அச்சம், வெகுளி, இளிவரல் ஆகியவற்றைத் தொல்காப்பியம் எண்வகை மெய்ப்பாடுகளுள் அடக்குகிறது. நகையும் உவகையும் போல இவையும் மாந்தர்க்கு இயல்பானவையே. உறவினரை இழந்தவர் அழுவதும் தேர்வுக்கு முன் மாணவர் அஞ்சுவதும் நோயல்ல. ஆனால், அத்துயர் வாரக்கணக்கில் நீடித்து, உறக்கத்தையும் உணவையும் குலைத்து, விரும்பிய செயல்களில்கூட நாட்டமின்மையை விளைவித்து, அன்றாடப் பணிகளை முடக்கும்போது உதவி தேவைப்படுகிறது. 'மனத்தை உறுதியாக வைத்துக்கொள்' என்னும் அறிவுரை அந்நிலையில் பயன் தருவதில்லை. முறிந்த காலுடையவனை 'ஓடு' என்பதற்கு ஒப்பானது அது.

சங்க அகப்பாடல்களில் இதற்கொரு காட்சி உண்டு. தலைவனைப் பிரிந்த தலைவி உண்ணாமல் உறங்காமல் மெலிகிறாள். காரணம் அறியாத தாய், அது முருகன் அணங்கியதால் வந்தது எனக் கருதி வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்துகிறாள். தோழியோ தலைவியின் உள்ளத்தை அறிந்தவள். அவள் தக்க நேரத்தில் உண்மையை எடுத்துரைத்து அறத்தொடு நிற்கிறாள். தாயின் அன்பில் குறையில்லை. ஆனால், நோயின் காரணம் அவளுக்குத் தெரியவில்லை. தோழிக்குத் தெரிந்தது, ஏனெனில் அவள் தலைவி சொல்லக் கேட்டாள்.

பேச்சு மருந்தான வரலாறு

பேசுவதையே மருத்துவமாகக் கொள்ளும் முறை ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உருப்பெற்றது. வியன்னா நகர மருத்துவர் யோசப் பிராயர் 1880 முதல் 1882 வரை பெர்த்தா பாப்பன்ஹைம் என்னும் இளம்பெண்ணுக்குச் சிகிச்சை அளித்தார். கைகால்கள் செயலிழத்தல், பேச்சுத் தடைபடுதல் முதலிய துன்பங்களுக்கு ஆளாகியிருந்த அவர், தம் மனத்தில் அழுந்திக் கிடந்தவற்றை மருத்துவரிடம் கூறியபோது சில அறிகுறிகள் தணியக் கண்டார். அம்முறைக்குப் 'பேச்சு மருத்துவம்' என்று பெயரிட்டவரும் அப்பெண்ணே. பிராயரும் சிக்மண்ட் பிராய்டும் 1895இல் வெளியிட்ட நூலில் இந்நிகழ்வு 'அன்னா ஓ' என்னும் புனைபெயரில் இடம்பெற்றது. அச்சிகிச்சை முடிந்தவுடன் அவர் முழு நலம் பெற்றுவிடவில்லை; மீண்டுவரச் சில ஆண்டுகள் ஆயின. ஆயினும் பிற்காலத்தில் அவர் சிறந்த சமூகப் பணியாளராக விளங்கி, 1904இல் செருமனியில் யூதப் பெண்கள் கூட்டமைப்பை நிறுவினார்.

அமெரிக்க உளவியலறிஞர் கார்ல் ரோஜர்ஸ் இத்துறையின் போக்கை மாற்றியவர். நோயாளி என்னும் சொல்லைத் தவிர்த்து, உதவி நாடி வருபவரை நடுநாயகமாகக் கொள்ளும் முறையை அவர் 1940களில் வளர்த்தெடுத்தார். ஆற்றுப்படுத்துநரிடம் அவர் வலியுறுத்திய பண்புகள் மூன்று. பிறர் துயரை அவர் நிலையில் நின்று உணர்தல் முதலாவது. அவரை நிபந்தனையின்றி மதித்து ஏற்றல் இரண்டாவது. புறத்தே ஒன்றும் அகத்தே ஒன்றுமாக இல்லாத வாய்மை மூன்றாவது. இவை அமைந்த உறவில் மனிதர் தம் சிக்கலைத் தாமே தெளிவுறக் காணத் தொடங்குவர் என்பது அவர் கண்டறிந்த உண்மை.

1960களில் ஆரன் பெக் என்னும் மனநல மருத்துவர் மற்றொரு வழியைக் கண்டார். மனச்சோர்வுற்றோரிடம் தம்மைப் பற்றியும் உலகைப் பற்றியும் எதிர்காலத்தைப் பற்றியும் தாழ்வான எண்ணங்கள் தாமாகவே எழுவதை அவர் கவனித்தார். அவ்வெண்ணங்களைச் சான்றுகளோடு ஒப்பிட்டு ஆராயவும், செயல்களைச் சிறிது சிறிதாக மாற்றவும் பயிற்றும் அம்முறை இன்று 'அறிதிறன் நடத்தைச் சிகிச்சை' என வழங்குகிறது. மனச்சோர்வு, பதற்றம் முதலியவற்றிற்கு இதன் பயன் பல ஆய்வுகளால் நிறுவப்பட்டுள்ளது.

ஆலோசனை அறையில் நிகழ்வது

சிற்றூரில் தமிழ்வழியில் பயின்று, நகரப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு ஆங்கிலவழியில் சேர்ந்த மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். பத்தாம் வகுப்பில் பள்ளியின் முதல் மாணவியாக விளங்கிய அவள், முதல் இடைத்தேர்வில் இரண்டு பாடங்களில் தேர்ச்சி பெறவில்லை. விடுதியில் இரவு முழுவதும் விழித்திருக்கிறாள். தோழியரிடம் பேசுவதைக் குறைத்துக்கொள்கிறாள். விடுமுறையில் வீடு சென்றபோது, 'கண்பட்டுவிட்டது' என்று தாய் மிளகாயும் உப்பும் சுற்றிப் போடுகிறார். 'உனக்காகத்தான் கடன் வாங்கியிருக்கிறோம்' என்று தந்தை நினைவூட்டுகிறார். இருவரும் மகள்மீது கொண்ட அன்பினாலேயே அவ்வாறு செய்கின்றனர். மகளின் சுமையோ மேலும் ஏறுகிறது.

மாற்றத்தைக் கவனித்த வகுப்பாசிரியர் அவளை ஆற்றுப்படுத்துநரிடம் அழைத்துச் செல்கிறார். முதல் அமர்வில் அவர் அறிவுரை எதுவும் கூறுவதில்லை. இங்குக் கூறப்படுபவை மறைவாகக் காக்கப்படும் என்பதையும், உயிருக்கு ஆபத்து நேரும் நிலையிலோ குழந்தைக்குத் தீங்கு இழைக்கப்பட்ட நிலையிலோ மட்டும் பிறருக்குத் தெரிவிக்க நேரும் என்பதையும் முதலில் விளக்குகிறார். பின்னர்க் கேட்கிறார். அவள் அழும்போது அழுகையை நிறுத்தச் சொல்வதில்லை.

அடுத்த அமர்வுகளில் ஒரு குறிப்பேடு துணையாகிறது. எந்நிகழ்வு நடந்தது, அப்போது என்ன எண்ணம் எழுந்தது, என்ன உணர்வு தோன்றியது, என்ன செய்தாள் என்பவற்றை அவள் எழுதி வருகிறாள். 'நான் எதற்கும் பயன்பட மாட்டேன்' என்னும் வரி பலமுறை அதில் இடம்பெறுகிறது. அவ்வரிக்குச் சான்று யாது என இருவரும் ஆராய்கின்றனர். தேர்ச்சி பெறாத இரண்டு பாடங்கள் ஒருபுறம் நிற்கின்றன. தேர்ச்சி பெற்ற நான்கு பாடங்களும், ஆங்கிலச் சொற்கள் விளங்காமையால் விடுபட்ட வினாக்களும் மறுபுறம் நிற்கின்றன. 'பாடம் விளங்காமல் இல்லை. பயிற்றுமொழிதான் இன்னும் பழகவில்லை' என்னும் முடிவுக்கு அவளே வருகிறாள். முன்னைய எண்ணம் அவளைப் பற்றிய தீர்ப்பாக இருந்தது; இப்போது அது தீர்க்கத்தக்க ஒரு சிக்கலாகச் சுருங்கிவிட்டது.

அதன்பின் செயல்கள் வகுக்கப்படுகின்றன. நாள்தோறும் பத்துக் கலைச்சொற்கள், ஒரே நேரத்தில் உறங்கச் செல்லுதல், மாலையில் அரைமணி நேர விளையாட்டு, வாரம் ஒருமுறை தோழியுடன் சேர்ந்து படித்தல் என அவை எளியனவாக அமைகின்றன. மாணவியின் இசைவுடன் பெற்றோரும் ஓர் அமர்வுக்கு அழைக்கப்படுகின்றனர். கடனைப் பற்றிய பேச்சு மகளுக்கு எவ்வாறு கேட்கிறது என்பதை அவர்கள் அன்றுதான் அறிகின்றனர். எல்லாம் ஒரே மாதத்தில் சீராகிவிடுவதில்லை. சில வாரங்களில் பழைய சோர்வு திரும்பவும் வரலாம். எனினும், வந்தால் என்ன செய்வது என்பது இப்போது அவளுக்குத் தெரியும்.

மர இருக்கையும் பாட்டிமாரும்

வல்லுநர்கள் மிகக் குறைவாக உள்ள நாட்டில் இவ்வுதவியை எவ்வாறு அளிப்பது? ஆப்பிரிக்க நாடான சிம்பாப்வே இவ்வினாவுக்கு ஒரு விடை கண்டது. 2005ஆம் ஆண்டு அந்நாட்டில் குடிசைப் பகுதிகள் அரசால் இடித்தகற்றப்பட்டன. பல இலட்சம் மக்கள் வீட்டையோ பிழைப்பையோ இழந்தனர். நாடு முழுவதற்கும் விரல்விட்டு எண்ணத்தக்க மனநல மருத்துவர்களே இருந்தனர். அவர்களுள் ஒருவர் டிக்சன் சிபாண்டா. அவரிடம் சிகிச்சை பெற்றுவந்த இளம்பெண் ஒருத்தி, மருத்துவமனைக்கு வரப் பேருந்துக் கட்டணம் இல்லாமையால் வர இயலாது போய் உயிரிழந்தாள். மக்கள் மருத்துவமனையைத் தேடி வரட்டும் எனக் காத்திருப்பது தவறு என்பதை அம்மரணம் அவருக்கு உணர்த்தியது.

தலைநகர் ஹராரேயின் ம்பாரே பகுதியில் பணியைத் தொடங்க முயன்ற அவருக்கு அறைகளோ செவிலியரோ கிடைக்கவில்லை. அங்கு நலப்பணியாளர்களாக இருந்த 14 பாட்டிமார் மட்டுமே கிடைத்தனர். 2006இல் அவர்களைக் கொண்டே அவர் பணியைத் தொடங்கினார். மருத்துவ நிலைய வளாகத்தில், மரநிழலில், ஒரு மர இருக்கை இடப்பட்டது. தொடக்கத்தில் அதற்கு 'மனநல இருக்கை' என்று பெயர். அப்பெயரைக் கேட்ட மக்கள் அதில் அமரத் தயங்கினர். 'நட்பு இருக்கை' என மாற்றுமாறு கூறியவர்கள் பாட்டிமாரே. பெயர் மாறியதும் மக்கள் வந்து அமர்ந்தனர்.

மனச்சோர்வு என்னும் மருத்துவச் சொல்லையும் அப்பாட்டிமார் பயன்படுத்துவதில்லை. அளவுகடந்து எண்ணி எண்ணி மருகுதல் என்னும் பொருளுடைய 'குஃபுங்கிசிசா' என்ற ஷோனா மொழிச் சொல்லையே ஆள்கின்றனர். வருபவரிடம் 14 எளிய வினாக்களைக் கேட்டு அவரது நிலையை அறிகின்றனர். பின்னர், மனத்தைத் திறத்தல், உயர்த்துதல், வலுப்படுத்துதல் என மூன்று படிகளில் உரையாடல் நகர்கிறது. பல சிக்கல்களுள் ஒன்றை வந்தவரே தேர்ந்து, அதற்குத் தாமே ஒரு தீர்வை வகுக்கிறார். பாட்டி உடனிருக்கிறார். நிலை கடுமையாக இருப்பின் அவர் மருத்துவரிடம் அனுப்பி வைக்கிறார்.

இம்முறை பயன் தருகிறதா என்பது 573 பேர் பங்கேற்ற ஆய்வில் சோதிக்கப்பட்டு, 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியானது. ஆறு மாதங்களுக்குப் பின், வழக்கமான சிகிச்சை பெற்றோரில் பாதிப்பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் எஞ்சியிருந்தன. நட்பு இருக்கையில் அமர்ந்தோரிடம் அது நூற்றுக்குப் பதினான்கு பேராகக் குறைந்திருந்தது. மக்கள் மொழியில் பேசிய முறையான பயிற்சியும், பொறுமையாகக் கேட்ட செவியும் அவ்வேறுபாட்டை விளைவித்தன.

தமிழ்நாட்டில்

சென்னையில் மனநோயாளிகளுக்கான இல்லம் 1794ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. கீழ்ப்பாக்கத்தில் உள்ள அரசு மனநலக் காப்பகம் அதன் வழிவந்ததே. அங்குக் கண்காணிப்பாளராகப் பணியாற்றிய மருத்துவர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படுபவர். அடைத்துவைக்கும் இடமாக இருந்ததை மறுவாழ்வு அளிக்கும் இடமாக மாற்ற உழைத்த அவர், 1984இல் மனச்சிதைவு நோயாளிகளுக்கான ஆராய்ச்சி அமைப்பைச் சென்னையில் நிறுவினார். 1992இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1986இல் மருத்துவர் இலட்சுமி விஜயகுமார் தொடங்கிய 'சிநேகா' அமைப்பில், பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் துயருற்றோரின் சொற்களுக்குச் செவிசாய்த்து வருகின்றனர்.

இப்பணிகளின் தேவையை ஒரு பெருந்துயரம் நாட்டிற்கு உணர்த்தியது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீ விபத்தில் சிக்கி மாண்டனர். இன்று நடைமுறையில் உள்ள 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடைசெய்கிறது. மனநலச் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்குகிறது. தன் உயிரைப் போக்கிக்கொள்ள முயன்றவரைக் கடும் மன அழுத்தத்திற்கு உள்ளானவராகக் கருதி, அரசு அவருக்குப் பராமரிப்பும் மறுவாழ்வும் அளிக்க வேண்டும் என்கிறது.

தெரிந்து தெளிவோம்

மனநல மருத்துவர் மருத்துவக் கல்வி பெற்றவர். மருந்து எழுதித்தரும் தகுதி உடையவர். மருத்துவ உளவியலாளர் உளவியல் சோதனைகளும் உளவியல் சிகிச்சையும் அளிப்பவர். ஆற்றுப்படுத்துநர் வாழ்க்கைச் சிக்கல்களை எதிர்கொள்ள உரையாடல்வழித் துணைநிற்பவர். மூவர் பணியும் ஒன்றையொன்று நிறைவு செய்வன.

'14416' என்பது நாடு முழுவதும் இயங்கும் டெலி மானஸ் என்னும் கட்டணமில்லா மனநல உதவி எண். இச்சேவை 2022ஆம் ஆண்டு உலக மனநல நாளான அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்டது, தமிழிலும் பேசலாம். '1098' குழந்தைகளுக்கான உதவி எண்.

தயக்கங்களும் தெளிவுகளும்

ஆலோசனை பெறுவோர் யாவரும் மனநோயாளிகள் என்னும் கருத்து இன்றும் நிலவுகிறது. பல்வலிக்கு மருத்துவரை நாடுவோர்க்கு நேராத பழி, மனவலிக்கு உதவி நாடுவோர்க்கு நேர்வது முறையன்று. மனச்சிதைவு, இருமுனையப் பிறழ்வு போன்ற நோய்களுக்கு மருந்து இன்றியமையாதது; அங்கும் ஆலோசனை நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் உறுதுணையாகிறது. எனவே மருந்தும் சொல்லும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

உயிரைப் போக்கிக்கொள்ளும் எண்ணம் உண்டா என ஒருவரிடம் கேட்பது அவ்வெண்ணத்தை விதைத்துவிடும் என்று பலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் தேவையற்றது. கனிவோடும் நேரிடையாகவும் கேட்பது, சொல்ல முடியாமல் தவிப்பவருக்குச் சொல்லும் வாய்ப்பைத் தருகிறது. அவ்வாறு ஒருவர் மனம் திறந்தால், 'யாரிடமும் சொல்லாதே' என அவர் வேண்டினாலும், அவரைத் தனியே விடாமல் நம்பத்தக்க பெரியவரிடம் தெரிவிப்பதே நட்பின் கடமை. தேர்வில் தேர்ச்சி தவறியவர் அவ்வாண்டே துணைத்தேர்வு எழுதலாம். போன உயிருக்குத் துணைத்தேர்வு இல்லை.

முதலில் சந்தித்த ஆற்றுப்படுத்துநரிடம் மனம் ஒன்றவில்லை எனில் வேறொருவரை நாடுவதிலும் தவறில்லை. முறையான கல்வியும் பயிற்சியும் பெற்றவரா என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

நிறைவாக

நோயையும் அதன் காரணத்தையும் அதனைத் தணிக்கும் வழியையும் ஆராய்ந்து செயல்பட வேண்டும் என்று திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் அறிவுறுத்துகிறது. இது மனத்திற்கும் பொருந்தும். பண்டைய ஆற்றுப்படையில் வழிகூறியவனும் ஒருகாலத்தில் வறுமையில் வாடி அவ்வழியே நடந்தவனே. உதவி பெற்றவன் அடுத்தவனுக்கு வழிகாட்டினான். இன்று ஒரு வகுப்பறையில் தனித்து அமர்ந்திருக்கும் மாணவனின் அருகில் சென்று, 'என்ன ஆயிற்று? சொல், கேட்கிறேன்' என்று கூறும் தோழனும் அவ்வழியைத் தொடங்கி வைப்பவனே ஆவான்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியில் 'நட்பு இருக்கை' ஒன்றை அமைப்பதாயின் அதனை எங்கு, எவ்வாறு அமைக்கலாம் எனக் குழுவாகக் கலந்துரையாடுக.
2. துயருற்ற நண்பரிடம் கூறத்தக்க சொற்கள், கூறத்தகாத சொற்கள் என இரு பட்டியல்கள் உருவாக்குக.

குறுவினா

1. கார்ல் ரோஜர்ஸ் வலியுறுத்திய மூன்று பண்புகள் யாவை?
2. 'மனநல இருக்கை' என்னும் பெயர் மாற்றப்பட்டது ஏன்?

சிறுவினா

1. வெறியாட்டுக் காட்சியில் தாயும் தோழியும் தலைவியின் துயரை அணுகும் முறைகளை ஒப்பிடுக.
2. ஆலோசனையில் மறைகாத்தலின் தேவையையும் அதன் விதிவிலக்குகளையும் எழுதுக.

நெடுவினா

ஆற்றுப்படை இலக்கியத்திற்கும் உளநல ஆலோசனைக்கும் உள்ள ஒற்றுமையை இப்பாடத்தின்வழி நிறுவுக.